பழைய மிக்ஸியைப் பிரித்து மூலப்பொருட்களை இனங்காணுதல்: முழுமையான வழிகாட்டி

மூலப்பொருட்களைப் பற்றிக் கற்க ஒரே ஒரு சாதனம்தான் கிடைக்கும் என்றால் நான் மிக்ஸியைத்தான் எடுப்பேன். அதன் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 முதல் 20,000 சுற்று ஓடும். சுருள் சூடேறும். ஜாருக்குள் புளி, உப்பு, மஞ்சள். மூடியைப் பிடிப்பது ஈரக்கை. இத்தனையையும் ஒரே மூலப்பொருள் தாங்காது. அதனால்தான் எஃகு, செம்பு, அலுமினியம், நாலைந்து வகை பிளாஸ்டிக், ரப்பர், கார்பன் என்று ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் குடியிருக்கின்றன. ஓடாத மிக்ஸி காயலான் கடையில் எடைக்கே கிடைக்கும். வாங்கி வந்துவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு பழக்கத்தை விட வேண்டும். பாகத்தைக் கையில் எடுத்ததும் ‘இது ஏபிஎஸ்’ (ஒரு வகை பிளாஸ்டிக்), ‘இது 304’ (ஒரு எவர்சில்வர் தரம்) என்று பெயர் சூட்டிவிட்டு, பிறகு அதற்கு ஏற்ற சான்றைத் தேடுவது பலருக்கும் வழக்கம். இந்த வழிகாட்டி அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. முதலில் பாகத்தின் வேலை, அடுத்து செய்த விதம், அதன் பின் சோதனை, கடைசியில்தான் பெயர். சான்று எதுவரை போகிறதோ பெயரும் அதுவரைதான். ‘சூட்டில் இளகும் பிளாஸ்டிக், வகை தெரியவில்லை’ என்று எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை. ஊகத்தை உறுதிபோல் எழுதினால்தான், பிறகு அந்தப் பட்டியலை நம்பி மூலப்பொருள் வாங்குபவர் மாட்டிக்கொள்வார்.

முதல் படி: கருவிகளும் பிரித்தலும்

தேவையானவை: வலுவான சிறு காந்தம், 0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, தையல் நூல், கண்ணாடி டம்ளர், கூரான கத்தி, சிறு அரம், கல்லுப்பு, அசிட்டோன், காப்பு நீக்கிய செம்புக் கம்பி, பூதக்கண்ணாடி. நகப்பூச்சு நீக்கியை அசிட்டோனுக்குப் பதில் பயன்படுத்த நினைத்தால் லேபிளைப் பாருங்கள். அசிட்டோன் இல்லாத வகைகளும் விற்கின்றன, அவை இங்கே உதவாது.

பிளக்கை எடுத்துவிட்டு, மின்கம்பியையே வெட்டிவிடுங்கள். யாரும் மறதியாக மாட்ட மாட்டார்கள். அடிப்பக்க ரப்பர் கால்களுக்குள் திருகுகள் மறைந்திருக்கும். ஒவ்வொரு பாகமும் வெளியே வரும்போது அது இருந்த இடத்தோடு படம் எடுத்து, எண் ஒட்டிவிடுங்கள். தனியே கிடக்கும் கறுப்பு வளையம் எங்கிருந்து வந்தது என்பதே அதை இனங்காணப் பாதிச் சான்று.

இரண்டாம் படி: வேலையை எழுதுதல்

ஒரு நோட்டில் பாகம், அதன் வேலை, அது தாங்க வேண்டியவை என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். ‘கப்ளர்: மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கடத்துகிறது, திடீர் அதிர்ச்சி, தேய்மானம்’. ‘கேஸ்கெட்: மூடியை அடைக்கிறது, எண்ணெய், சூடு, அடிக்கடி கழுவுதல்’. ‘காற்றாடி: மோட்டாரைக் குளிர்விக்கிறது; வேகம், வெப்பம்’.

இது சம்பிரதாயம் அல்ல. வேலையை எழுதியதுமே பல மூலப்பொருட்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மோட்டாரை ஒட்டிய காற்றாடி சாதாரண பாலிஸ்டைரீனாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, சூட்டில் வளைந்துவிடும். ஆனால் இந்தக் கட்டத்தில் விலக்க மட்டுமே செய்யுங்கள், தீர்மானிக்க வேண்டாம். மலிவு தேடிய தயாரிப்பாளர் பொருந்தாத மூலப்பொருளைப் போட்டிருக்கவும் கூடும்.

மூன்றாம் படி: செய்த விதத்தின் தடயங்கள்

மிக்ஸி உடலை உட்புறமாகத் திருப்புங்கள். சிறுசிறு வட்டத் தழும்புகள் தெரிகின்றனவா? மோல்டிலிருந்து (வார்ப்பு அச்சு) பாகத்தைத் தள்ளிய எஜெக்டர் பின்களின் தடம் அவை. எங்கோ ஓரிடத்தில் உடைத்தெடுத்த சிறு முண்டு இருக்கும். உருகிய பிளாஸ்டிக் நுழைந்த வாசல் அதுதான். சுற்றிலும் ஓடும் மெல்லிய கோடு, மோல்டின் இரு பாதிகள் சந்தித்த இடம். மூன்றும் இருந்தால் அது, உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் அழுத்திச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங். சில பாகங்களில் கடிகாரம் போன்ற ஒரு வட்டமும் நடுவில் அம்புக்குறியும் இருக்கும். அது வார்த்த மாதத்தையும் ஆண்டையும் சொல்கிறது.

உலோகங்களும் இப்படியே பேசும். எங்கும் ஒரே தடிமன், வெட்டிய ஓரத்தில் ஒருபுறம் மட்டும் பிசிறு என்றால் தகட்டை அழுத்தி வெட்டியது. எஜெக்டர் தடமும் மோல்டுக் கோடும் உள்ள உலோகம் டை காஸ்டிங், அதாவது உருகிய உலோகத்தை மோல்டில் அழுத்தி வார்த்தது. அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவையாக இருக்கலாம். வளைய வளையமாகக் கோடு ஓடினால் கடைசலில் கடைந்தது. ஜார் போன்ற பாத்திரங்கள் தட்டையான தகட்டை ஆழ இழுத்து உருவாக்கியவை. வளைவுகளில் தகடு சற்று மெலிந்திருக்கும்.

பிளாஸ்டிக் பாகங்களின் உட்பக்கத்தில் எழுத்துகளையும் தேடுங்கள். முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போடும் முறை 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது: 1 பெட், 2 எச்டிபிஇ, 3 பிவிசி, 4 எல்டிபிஇ, 5 பாலிப்ரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. டப்பா, பாட்டிலுக்கு அது போதும். சாதனங்களுக்கு அது பயனற்றது. ஏபிஎஸ், நைலான், பாலிகார்பனேட் எல்லாமே 7-க்குள் அடைந்துவிடும். அதைவிட நல்லது ஐஎஸ்ஓ 11469 முறை. >ஏபிஎஸ்<, >பிபி-டிடி20<, >பிஏ66-ஜிஎஃப்30< என்பதுபோல் இரு கோணக் குறிகளுக்கு நடுவே எழுத்துகள் புடைத்து நிற்கும். இரண்டாவது, 20 சதவீதம் டால்க் தூள் கலந்த பாலிப்ரோப்பிலீன். மூன்றாவது, 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் 66. இப்படி எழுதியிருந்தால் வலுவான சான்று. ஆனாலும் ஒரு சோதனையாவது செய்யுங்கள். மோல்டு அப்படியே இருக்க, உள்ளே ஊற்றும் பிளாஸ்டிக்கை மாற்றிக்கொள்ள யாருக்கும் தடையில்லை.

நான்காம் படி: காந்தமும் எவர்சில்வரும்

காந்தத்தை எல்லா உலோகப் பாகங்களிலும் வைத்துப் பாருங்கள். சாதா இரும்பு, வார்ப்பிரும்பு, மோட்டாரின் அடுக்குத் தகடுகள் எல்லாம் ஒட்டும். அலுமினியம், செம்பு, பித்தளை, வெண்கலம் ஒட்டாது. பளபளப்பான திருகில் காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் அது மேலே துத்தநாகமோ நிக்கலோ பூசிய இரும்பு. அரத்தால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டால் பூச்சின் கீழே இருப்பது தெரியும். வண்ணமோ முலாமோ போட்ட எதையும் கீறாமல் பதிவு செய்யாதீர்கள்.

ஜாருக்கு வருவோம். ‘காந்தம் ஒட்டலேன்னா நல்ல எவர்சில்வர், ஒட்டினா டூப்ளிகேட்’ என்பது பாத்திரக் கடைப் பாடம். இரண்டு பாதியும் தவறு. 304 என்ற தரத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன; அதைத்தான் பாத்திரத்தில் 18/8 என்று பொறிக்கிறார்கள். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 போன்ற 200 வரிசைத் தரங்களும் நம் சந்தையில் நிறைய. உப்பும் புளியும் தங்கினால் 202 சீக்கிரம் புள்ளி விழும். ஆனால் 304, 202 இரண்டையுமே காந்தம் கவராது! மறுபக்கம், நிக்கல் இல்லாத 430 காந்தத்தில் ஒட்டும். அதுவும் முறையான எவர்சில்வர்தான். கடினப்படுத்தக்கூடிய 420 வகை பிளேடுகளும் ஒட்டும்.

இன்னொரு குழப்பம்: 304 ஜாரின் வளைவுகளில் மட்டும் காந்தம் லேசாக இழுக்கும். தகட்டைக் குளிர்நிலையில் ஆழ இழுக்கும்போது உலோகத்தின் உள் அமைப்பு ஓரளவு மாறுவதே காரணம். ஆகவே காந்தத்தை ஜாரின் தட்டையான, அதிகம் வளையாத பகுதியில் வையுங்கள். அங்கே ஒட்டாவிட்டால் ‘எவர்சில்வர், 200 அல்லது 300 வரிசை’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் எவர்சில்வர் வியாபாரிகளிடம் உண்டு. அது கிடைத்தால் அடுத்த படி இறங்கலாம்.

ஐந்தாம் படி: தராசும் டம்ளர் தண்ணீரும்

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு ஈடானது இல்லை என்பது என் கருத்து. பாகத்தைக் காய்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு தண்ணீர் நிறைந்த டம்ளரைத் தராசில் வைத்து, அளவைச் சுழியமாக்குங்கள். பாகத்தை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம், பாகம் விலக்கிய தண்ணீரின் எடை. அதாவது பாகத்தின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. 42 கிராம் எடையுள்ள துண்டு 40 என்று காட்டினால் அடர்த்தி 1.05. மிதக்கும் துண்டாக இருந்தால் ஊசியால் அழுத்தி மூழ்கடியுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குக் கெடும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி கழன்றுவிடும்.

ஒப்பிட வேண்டிய எண்கள், கிராம்/கன சென்டிமீட்டர் அளவில்:

பாலிப்ரோப்பிலீன் 0.90–0.91
எச்டிபிஇ 0.94–0.96
ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் 1.04–1.05
நைலான் 1.13–1.14
அக்ரிலிக் 1.18
பாலிகார்பனேட் 1.20
அசிட்டால் (ஒரு வகை கடினப் பிளாஸ்டிக்) 1.41
அலுமினியம் 2.7
துத்தநாக டை காஸ்டிங் 6.6–6.7
இரும்பு, எஃகு 7.8
எவர்சில்வர் 7.7–8.0
பித்தளை 8.4–8.7
செம்பு 8.9

உலோகங்களில் இந்த எண் ஏறக்குறைய தீர்ப்பே சொல்லிவிடும். அலுமினியமா துத்தநாகமா என்ற கேள்வி ஒரு நிமிடத்தில் முடியும். பிளாஸ்டிக்கில் கவனம் வேண்டும். 20 சதவீதம் டால்க் கலந்த பாலிப்ரோப்பிலீனின் அடர்த்தி 1.04–1.05; ஏபிஎஸ்ஸின் எண்ணும் அதே! 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் 1.36 ஆகி, பிவிசி பக்கம் போய் நிற்கும். வெறும் அடர்த்தியை வைத்துப் பெயர் எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான். அதனால் இந்த எண்ணை ஒரு பெயராக எழுதாமல் ‘ஏபிஎஸ் / பாலிஸ்டைரீன் / டால்க் கலந்த பிபி’ என்று மூன்று பெயராக எழுதி அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள்.

தராசு இல்லாதவர்களுக்குக் குறுக்கு வழி: 100 மில்லி தண்ணீரில் 36 கிராம் உப்பு கரைத்தால் அடர்த்தி 1.2 ஆகும். சாதாரண நீரில் மூழ்கி இந்த உப்பு நீரில் மிதப்பது ஏபிஎஸ், பாலிஸ்டைரீன், நைலான் கூட்டம். இரண்டிலும் மூழ்குவது பிவிசி, பெட், அசிட்டால் கூட்டம். பாலிகார்பனேட் நடுவில் தத்தளிக்கும்; அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ஆறாம் படி: அசிட்டோன், வளைத்தல், சூட்டு ஊசி

தெரியாத உட்புறத்தில் ஒரு துளி அசிட்டோன் வைத்து அரை நிமிடம் கழித்துப் பஞ்சால் துடையுங்கள். ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் இரண்டும் பிசுபிசுத்து நிறம் பஞ்சில் ஏறும். பாலிகார்பனேட் வெளுத்து நுண்விரிசல் விடும். பாலிப்ரோப்பிலீன், பாலிஎத்திலீன், நைலான், அசிட்டால் அசையாது.

இது ஏன் என்று தெரிந்துகொண்டால் வகைப்படுத்தலும் எளிதாகும். அசையாத நான்கும் பகுதிப் படிக அமைப்பு கொண்டவை. சங்கிலிகள் இடையிடையே ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் கரைப்பான் எளிதில் நுழையாது. கரைந்தவை படிக ஒழுங்கற்றவை. இதே வேறுபாடுதான் வார்க்கும்போது சுருக்கத்திலும் தெரியும்: ஏபிஎஸ் ஏறத்தாழ 0.4–0.7 சதவீதம் சுருங்கும். பாலிப்ரோப்பிலீன் 1 முதல் 2.5 சதவீதம் வரை. மிக்ஸி உடலின் இரு பாதிகளும் இடைவெளியின்றிப் பொருந்தி, மேற்பரப்பு பளபளக்க வேண்டுமென்றால் வடிவமைப்பாளர் ஏன் ஏபிஎஸ் பக்கம் போகிறார் என்பது இப்போது விளங்கும்.

அசிட்டோனில் கரைந்தது ஏபிஎஸ்ஸா பாலிஸ்டைரீனா? மெல்லிய துண்டை வளையுங்கள். சாதாரண பாலிஸ்டைரீன் ‘டக்’கென்று முறியும், மேசையில் போட்டால் கண்ணாடிபோல் கணீர் என்ற ஓசை. ஏபிஎஸ் வளைந்த இடத்தில் வெளுத்து, பிறகே கிழியும். ரப்பர் சேர்த்த பாலிஸ்டைரீனும் வெளுக்கும் என்பதால் நூறு சதவீத உறுதி இங்கே கிடைக்காது. எழுதி வையுங்கள்.

பழைய மாடல்களின் திருகு குமிழ், கார்பன் பிரஷ் மூடி போன்றவற்றில் பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்துங்கள். இளகும் பிளாஸ்டிக் என்றால் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். இறங்காமல் கருகினால் இறுகும் பிளாஸ்டிக். கார்பாலிக் சோப்பின் நெடி அடித்தால் பேக்கலைட். லியோ பேக்கலண்ட் 1907-இல் உருவாக்கியது. சூட்டையும் மின்சாரத்தையும் சேர்த்துத் தடுப்பதால் குக்கர் கைப்பிடியில் இன்றும் இருக்கிறது. ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருக்க முடியாது. எனவே மறுசுழற்சிக் கட்டத்தில் அது தனி வரிசை.

ஏழாம் படி: நெருப்பு, தேவைப்பட்டால் மட்டும்

தீக்குச்சி அளவு சீவல் போதும். திறந்த வெளியில், இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மூக்கை அருகில் கொண்டுபோகாதீர்கள். அணைத்த பிறகு புகையைக் கையால் உங்கள் பக்கம் விசிறினால் போதும்.

பாலிஎத்திலீன் மெழுகுவத்தி நெடியோடு சொட்டும். நைலான் முடி கருகும் நெடி தரும், உருகிய முனையை இழுத்தால் நூல் வரும். ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் இரண்டும் கரும்புகைச் சுருள் விடும். அசிட்டாலின் சுவாலை கண்ணுக்கே தெரியாத வெளிர்நீலம். நெடி கண்ணை எரிக்கும், உடனே அணையுங்கள். பிவிசி என்று சந்தேகம் இருந்தால் துண்டைக் கொளுத்தவே வேண்டாம். வேதியியலாளர் பெய்ல்ஸ்டைன் 1872-இல் சொன்ன வழி இருக்கிறது: செம்புக் கம்பியைச் சுவாலையில் நிறம் வராத அளவு காய்ச்சி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, மீண்டும் சுவாலையில் காட்டுங்கள். பச்சை எழுந்தால் குளோரின் போன்ற ஹாலஜன் இருக்கிறது. மின்கம்பியின் மேலுறையில் இதைச் செய்து பாருங்கள், பச்சை பளிச்சென்று வரும். தீப்பிடிக்காமலிருக்கப் புரோமின் சேர்த்த ஏபிஎஸ்ஸும் பச்சை காட்டலாம் என்பதால் ‘பச்சை என்றால் பிவிசி’ என்று எழுதக் கூடாது. ஒட்டாத பூச்சு போட்ட எதையும் சுவாலையில் காட்டாதீர்கள்.

ரப்பர் பாகங்களுக்கு நெருப்பு நன்றாகப் பேசும். சிலிகோன் கேஸ்கெட் எரிந்து வெள்ளைச் சாம்பல் விடும். மற்ற ரப்பர்கள் கரும்புகையும் கரியும் விடும். அதற்குள் எது நைட்ரைல் (ஒரு செயற்கை ரப்பர்), எது இயற்கை ரப்பர் என்று பிரிக்க, துண்டைச் சமையல் எண்ணெயில் சில நாள் ஊறப்போடுங்கள். இயற்கை ரப்பர் ஊதிவிடும், நைட்ரைல் பெரிதாக மாறாது.

எட்டாம் படி: மோட்டார்

சுருள் செம்பு நிறத்தில் இருப்பதால் செம்பு என்று எழுதிவிடாதீர்கள். எனாமல் பூச்சு அலுமினியக் கம்பியையும் செம்பு நிறமாகக் காட்டும். கத்தியால் சுரண்டி, கம்பியை வெட்டி, வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முழுக்கச் சிவப்பு என்றால் செம்பு. வெள்ளை என்றால் அலுமினியம். சிவப்பு ஓரமும் வெள்ளை நடுவும் என்றால் செம்பு போர்த்திய அலுமினியம். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பின் ஏறத்தாழ 61 சதவீதம்தான். அதே வேலைக்குத் தடித்த கம்பி வேண்டும், இல்லாவிட்டால் சூடு ஏறும். வைண்டிங் கடைக்காரர்கள் ஈயப்பற்று வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சாதாரணப் பற்று அலுமினியத்தில் பிடிக்காது.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். இரும்பு அடுக்கு, சிலிக்கன் சேர்த்த எஃகுத் தகடுகள். இரும்புக்குள் வீணாகச் சுழன்று சூடேற்றும் சுழல் மின்னோட்டத்தைக் குறைக்கவே அடுக்காக வைத்திருக்கிறார்கள். கையில் கரி ஒட்டும் சிறு கட்டை கார்பன் பிரஷ். அது உரசும் வளையம் செம்புத் துண்டுகள், இடையில் மைக்கா அல்லது இறுகும் பிளாஸ்டிக். எண்ணெய் கசியும் வெண்கல நிறப் புஷ்ஷாக இருந்தால், உலோகத் தூளை அழுத்திச் சுட்டது. அதன் நுண்துளைகளில் எண்ணெய் தங்கியிருப்பதால், தண்ணீர்ச் சோதனையில் அடர்த்தி குறைவாகவே வரும்.

ஒன்பதாம் படி: வகைப்படுத்துதல்

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மைக்கேல் ஆஷ்பி பரவலாக்கிய முறையே வடிவமைப்பாளர்களுக்கு வசதி: உலோகம், பாலிமர், ரப்பர் வகை, பீங்கான் வகை, கண்ணாடி, கலப்பு என்று குடும்பங்கள், அதற்குள் வகுப்பு, அதற்குள் தனி உறுப்பு. கிளை கிளையாக இறங்கும் இந்த மரத்தில் ஒவ்வொரு பாகத்தையும் சான்று அனுமதிக்கும் கிளையில் நிறுத்துங்கள். ஜார்: உலோகம் > எஃகு > எவர்சில்வர், 200 அல்லது 300 வரிசை; சான்று காந்தம், அடர்த்தி; உறுதி நடுத்தரம். உடல்: பாலிமர் > இளகும் வகை > படிக ஒழுங்கற்றது > ஏபிஎஸ், சான்று அடர்த்தி 1.05, அசிட்டோன், வளைத்தல், உறுதி நடுத்தரம் (ரப்பர் சேர்த்த பாலிஸ்டைரீனாகவும் இருக்கலாம்). காற்றாடி: பாலிமர் > இளகும் வகை > பகுதிப் படிகம் > நைலான், கண்ணாடி இழை கலந்திருக்கலாம், சான்று அடர்த்தி, முடி கருகும் நெடி.

அதே பட்டியலை வேறு கேள்விகளால் மறுபடி பிரியுங்கள். உணவு படுவது எது, படாதது எது? கழற்றக்கூடியது எது, மோல்டிலேயே ஒட்டிப் பிறந்தது எது? பித்தளை மரை பதித்த பிளாஸ்டிக் குமிழ், இரண்டாம் கேள்வியில் உடனே வெளியே துருத்தி நிற்கும். காயலான் கடைக்காரர் அதை உடைக்கச் சோம்பி, கழிவில் எறிவார். குடும்பப் பட்டியலைவிட இந்தப் பிரிவுகள்தான் அடுத்த வடிவமைப்புக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பத்தாம் படி: ஆய்வகத்துக்குப் போக வேண்டிய தருணம்

உணவு படும் பாகம், பாதுகாப்புக்கான பாகம், மொத்தமாக வாங்கப்போகும் மூலப்பொருள் ஆகிய மூன்றிலும் வீட்டுச் சோதனையோடு நிற்காதீர்கள். பிளாஸ்டிக்குக்கு அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை, உலோகத்துக்கு எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி (எக்ஸ் கதிரால் உலோகத்திலுள்ள தனிமங்களைக் காட்டும் கைக்கருவி). பின்னது 304-ஐயும் 202-ஐயும் நொடியில் பிரிக்கும். ஆனால் கார்பனைப் பார்க்காது என்பதால் 304-ஐயும், கார்பன் குறைந்த 304 எல்-ஐயும் பிரிக்காது. சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக் சோதனை வசதி உண்டு.

மாதிரியாகத் தருவது வண்ணம் பூசாத, எண்ணெய் துடைத்த தட்டைத் துண்டாக இருக்கட்டும். உங்கள் பட்டியல் வரியையும் சேர்த்துக் கொடுத்து, ‘இது என்ன?’ என்று கேட்பதற்குப் பதில் ‘இது ஏபிஎஸ்ஸா, ரப்பர் சேர்த்த பாலிஸ்டைரீனா?’ என்று கேளுங்கள். எந்தச் சோதனை போதும், எது வீண்செலவு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். முடிவு வந்ததும் அந்தத் துண்டின் மீதியில் பெயரையும் அடர்த்தியையும் பொறித்து ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். அடுத்த சாதனத்தைப் பிரிக்கும்போது அசிட்டோன் துளியை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.